தோரு தத்தின் சவுக்கு மரம்: தனிமையும் நம்பிக்கையும்

தோரு தத் (1856–1877) கல்கத்தாவில் பிறந்து ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியவர். அவருடைய ‘அவர் கேசுவரினா ட்ரீ’ (எங்கள் சவுக்கு மரம்) தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற கவிதை. பெரும்பாலும் இயற்கைக் கவிதையாகவே படிக்கப்படும் இதன் உள்ளீடு தனிமை.

பின்னணி

தோருவின் அண்ணன் அப்ஜு 1865-இல் இறந்தார். 1869-இல் ஐரோப்பா சென்ற குடும்பம் 1873-இல் திரும்பியது. மறு ஆண்டே அக்கா ஆரு காசநோயால் இறந்தார். மூன்று பிள்ளைகளில் எஞ்சிய தோருவும் 21 வயதில் அதே நோயால் மறைந்தார். கவிதை நூலில் வெளிவந்தது 1882-இல்.

கவிதை

முதற்பகுதி முழுவதும் காட்சி: மலைப்பாம்புபோல் மரத்தைச் சுற்றிய கொடி, இரவில் பாடும் பறவை, உச்சியில் சிலைபோல் அமர்ந்த குரங்கு. ஐந்து பத்திகளில் நடுப்பத்தியே திருப்பம். மரம் பிரியமானது அதன் அழகால் மட்டுமன்று. அதன் நிழலில் கூட விளையாடியவர்கள் இப்போது இல்லை என்பதால். நற்றிணை 172-ஆம் பாடலில் தாய் புன்னையை மகளுக்கு உடன்பிறந்தாள் என்கிறாள். தோருவிடம் உடன்பிறந்தோர் போனபின் மரம் அவர்கள் இடத்தில் நிற்கிறது.

ஒப்பீடு

ஆங்கிலப் புனைவியல் காலக் கவிஞர் ஃபெலிஷியா ஹெமன்ஸ் (1793–1835) ‘தி கிரேவ்ஸ் ஆஃப் எ ஹவுஸ்ஹோல்ட்’ என்ற கவிதையில் ஒரே மரத்தடியில் விளையாடிய உடன்பிறந்தோர் வெவ்வேறு நாடுகளில் புதைக்கப்பட்டதைப் பாடினார். மண்ணுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்றால் அன்புக்கு என்ன கதி என்று கேட்டு, மறுமையில் ஆறுதல் தேடினார். தோரு அந்த வழியில் போகவில்லை. தன் மகிழ்ச்சி மீளும் என்றும் அவர் சொல்வதில்லை. மறதியிலிருந்து அன்பு மரத்தைக் காக்கட்டும் என்பதே அவர் வேண்டுதல். நம்பிக்கையைப் பாட்டின் மேல் வைக்கிறார்.

மதிப்பீடு

கடைசிப் பத்தியில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘யூ ட்ரீஸ்’ கவிதையின் சாயல் தூக்கலாக இருக்கிறது. சொற்களும் அக்காலத்துப் பழைய ஆங்கிலக் கவிதைச் சொற்களே. ஆனால் இரவல் மொழியிலும் துயரம் இரவலாகவில்லை. இறந்தவர்களின் பெயரைக் கவிதை ஓரிடத்திலும் சொல்லவில்லை, கதறலும் இல்லை. கடல் கடந்த நாட்டிலும் அந்த மரத்தின் புலம்பல் தனக்குக் கேட்டதாகச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த அடக்கமே கவிதையின் வலிமை. தேர்வுக்காகப் படிக்கும் மாணவர் நடுப்பத்தியை முதலில் படித்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பினால், குரங்கும் கொடியும்கூடத் தனியே நிற்கும் ஒருத்தி பார்த்தவையாகத் தெரியும்.