செம்பைத் தாங்கும் ஜீன் எங்கிருந்து வந்தது?

கிவிப்பழக் கொடிகளைக் காயவைக்கும் பி.எஸ்.ஏ. பாக்டீரியா 2010-ல் நியூசிலாந்துக்குள் நுழைந்தது. அப்போது அதனால் செம்பைத் தாங்க முடியவில்லை. 2015, 2016-ல் எடுத்த மாதிரிகளில் கால்வாசி செம்பைத் தாங்கின. எப்படி? எலெனா கொலம்பி குழுவின் 2017 கட்டுரை இதற்குத்தான் விடை தேடுகிறது.

நான் மியூட்டேஷன் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். குரோமோசோமில் செருகிக்கொண்டு, பிறகு கழன்று அடுத்த பாக்டீரியாவுக்குத் தாவும் ஐ.சி.இ. துண்டுகளும் பிளாஸ்மிட்களும் கொண்டுவந்த ஜீன்கள். அவற்றில் இரண்டு ஐ.சி.இ.க்கள், பி.எஸ்.ஏ. வருவதற்கு முன்பே கிவி இலையில் குடியிருந்த பாக்டீரியாக்களில் இருந்தவற்றோடு ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்துகின்றன. கட்டுரையின் உயிர் இங்கேதான். செடிக்குள்ளேயே தாவல் நடப்பதையும் சோதனையில் காட்டிவிட்டார்கள்.

எனக்கு ஒரு குறை. செம்பு எதிர்ப்புக்காக முழு ஜீனோம் படித்தது ஏழு ஸ்ட்ரெயின்களுக்குத்தான். என்னென்ன வழிகள் உண்டு என்று காட்ட இது போதும். எந்த வழி அதிகம் என்று சொல்லப் போதாது.

ஒரு எச்சரிக்கையும். கால்வாசி என்பது ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளில். தோட்டங்களில் கால்வாசி என்று படித்துவிடாதீங்க. முதல் வாசிப்பில் நான் அப்படித்தான் படித்தேன்.

ஆனாலும் முக்கியமான கட்டுரை. நோய்க்கிருமியை மட்டும் கண்காணித்தால் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அடிக்கிற செம்பு, இலையில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களையும் சலித்தெடுக்கிறது. நாளைக்கு வரப்போகும் கிருமிக்கு வேண்டிய ஜீன் அவற்றிடம் ஏற்கனவே தயாராக இருக்கலாம்.