குதிரைப் பந்தயம்: திறன் யாருடையது?

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1974-இல் சட்டம் இயற்றியது. அதையொட்டிய டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, பெரும்பாலும் திறனைச் சார்ந்த விளையாட்டு என்றது அத்தீர்ப்பு. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் வாதம். கிண்டியில் பந்தயம் தொடர வழிவிட்ட வாதமும் இதுவே.

இவ்வாதம் ஓடுபவரின் திறனையும் பணம் கட்டுபவரின் திறனையும் ஒன்றாக்கிவிடுகிறது. டோட் முறையில் எல்லோர் பணமும் ஒரே தொகுப்பில் சேரும். வரியும் கழிவும் போக எஞ்சியதை வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்வர். எஞ்சியது 80,000 ரூபாய் எனக் கொள்வோம். வென்ற குதிரைமேல் 40,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் ஒரு ரூபாய்க்கு 2 ரூபாய் கிடைக்கும். 10,000 மட்டுமே என்றால் 8 ரூபாய். எனவே சரியாகக் கணிப்பது மட்டும் போதாது, பிறர் கணிக்காததைக் கணிக்க வேண்டும்.

ஜாக்கியின் ஃபார்மை நம்புவோர் சறுக்குவது இங்கேதான். முன்னணி ஜாக்கி ஏறினாலே பணம் அக்குதிரைமேல் குவியும், கிடைக்கும் விகிதம் சுருங்கும். தவிர, அவருடைய வெற்றிக் கணக்கில் பாதி குதிரையுடையது. நல்ல குதிரைகளைப் பயிற்சியாளர்கள் அவருக்கே தருகிறார்கள். பயிற்சி ஜாக்கிகளுக்கு எடைச் சலுகை உண்டு என்பதால், சுமாரான பெயர் கொண்டவர் ஏறிய குதிரை இலேசான சுமையுடன் ஓடும். இதுவும் ரேஸ் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் பெயரைப் பார்ப்பவர்கள் எடையைப் பார்ப்பதில்லை.

லாயத்திலிருந்து கசியும் தகவலின் கதை வேறு. பத்துக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் தன் குதிரை ஜெயிக்கும் என்று பயிற்சியாளராலேயே உறுதி சொல்ல முடியாது. மற்ற ஒன்பது லாயங்களில் நடப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் ஜெயிக்காது என்பதை அங்குள்ளவர்கள் ஓரளவு அறிவார்கள். குதிரை இரவில் தீனி எடுக்கவில்லை, காலில் சூடு தெரிகிறது, காலை ஓட்டத்தில் மூச்சு வாங்கியது. அவர்களிடம் உள்ள மதிப்புமிக்க அறிவு இந்த எதிர்மறைத் தகவல்தான். வாசலில் விற்கும் டிப்ஸோ எப்போதும் ஜெயிக்கப்போகும் குதிரையின் பெயரையே சொல்கிறது.

ஜாக்கிகள் பந்தயத்தில் பணம் கட்டக் கூடாது என்ற விதியும், முழு முயற்சியோடு ஓட்டாதவரை விசாரிக்கும் வழக்கமும் இந்த அறிவின் மதிப்பை ஒப்புக்கொள்கின்றன. ரேஸ் புத்தகத்தை மட்டும் படித்துப் பணம் கட்டுபவருக்கு அது எட்டுவதில்லை. அவருடைய ஆராய்ச்சியைத் திறன் என்று அழைக்கலாம். ஆனால் அவர் மோதுவது குதிரைகளோடு அல்ல, தன்னைவிட அதிகம் தெரிந்தவர்களோடு.