புருசெல்லோசிஸ் நரம்பைத் தாக்கும்போது: ஒருங்கொட்டல் சோதனையின் வலுவும் வரம்பும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும், அதற்கு அப்பால் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளிலும் மாட்டுப் பட்டிகளையும் எருமைப் பட்டிகளையும் நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா என்னும் பற்றீரியா, நஞ்சுக்கொடியையும் பனிக்குட நீரையும் வெறுங்கையால் தொடுவோரையும் காய்ச்சாத பாலைக் குடிப்போரையும் தொற்றுகிறது. பாலைக் கொதிக்கவைத்து ஆற்றிய பின்னரே உறையிடுவதால் சட்டித்தயிரில் இவ்வச்சம் குறைவு. கன்று ஈனும்போது உதவும் பட்டிக்காரருக்கே ஆபத்து அதிகம்.

தொற்றியோரில் நூற்றுக்குப் பத்துப் பேரினும் குறைவானவர்களுக்கே நரம்புத் தொகுதி பாதிக்கப்படுகிறது. எனினும் அப்பாதிப்பு மூளையுறை அழற்சியாகவோ, கால்களின் தளர்ச்சியாகவோ, செவிநரம்பைத் தாக்கிக் கேள்வித்திறனைக் குறைப்பதாகவோ மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், அதைக் கண்டறியும் முறையை ஆராய்வது அவசியமாகிறது.

அம்முறையின் அடித்தளமாக இன்றும் விளங்குவது, 1897இல் அல்ம்ரோத் ரைட் அறிமுகப்படுத்திய ஒருங்கொட்டல் சோதனையாகும். நோயாளியின் குருதிநீரிலுள்ள பிறபொருளெதிரிகள், கொல்லப்பட்ட பற்றீரியாக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளச்செய்வதே இதன் தத்துவம். செலவு குறைந்த இச்சோதனையைச் சிறிய ஆய்வுகூடத்திலும் செய்யலாம். வாரக்கணக்கில் காத்திருக்கவைப்பதோடு ஆய்வுகூடப் பணியாளரையும் தொற்றக்கூடிய வளர்ப்புச் சோதனையோடு ஒப்பிடும்போது இது பெரும் நன்மையாகும்.

ஆயினும் மாடு வளர்ப்போர் நிறைந்த பகுதியில் இதன் குறைகளும் பெரிதாகின்றன. பழைய தொற்றின் பிறபொருளெதிரிகள் நோயற்றவரின் குருதியிலும் நீடிப்பதால், பட்டிக்காரர் ஒருவரின் நேர்முடிவு அவரது தலைவலிக்குக் காரணம் இதுவே என்று நிறுவாது. மாறாக, பிறபொருளெதிரிகள் மிகுந்திருக்கும்போது குறைவாக நீர்த்த குருதிநீரில் திரட்சி தோன்றாமல் போகலாம் என்பதால், மேலும் நீர்த்துப் பாராமல் எதிர்முடிவு என எழுதுவதும் தவறாகும். ஆகவே முள்ளந்தண்டில் ஊசியிட்டு எடுக்கும் மூளைய முண்ணாண் பாய்பொருளிலும் பிறபொருளெதிரியைத் தேடவேண்டும். ஊசியிடுகையில் குருதி கலந்திருந்தால் அம்முடிவையும் ஐயத்தோடே நோக்கவேண்டும்.

மிகப்பெரிய இடர் காசநோயுடனான குழப்பமே. இரு நோய்களிலும் பாய்பொருளில் நிணநீர்க்கலங்களும் புரதமும் கூட, குளுக்கோசு குறையக்கூடும். ஐயத்தின்பேரில் காசநோய்ச் சிகிச்சையைத் தொடங்கினால், அதிலுள்ள ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் ஓரளவு அடக்குவதால் நோயாளி தற்காலிகமாகத் தேறுவார். அத்தேற்றமே தவறான நோய்நிர்ணயத்துக்குச் சான்றாகிவிடும். டொக்சிசைக்கிளின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற துணைமருந்துகள் இல்லாத நிலையில் நோய் மீளவும் கூடும். காசநோய் மூளையுறை அழற்சி விரைந்து உயிரைப் பறிப்பது என்பதால் சிகிச்சையைத் தாமதிப்பதும் தகாது. முதல் மருந்துக்கு முன்பே குருதியையும் பாய்பொருளையும் புருசெல்லாச் சோதனைக்கு எடுத்துவைப்பதே இதற்குத் தீர்வு.

எனவே ஒருங்கொட்டல் சோதனையைக் கைவிடத் தேவையில்லை. அதைத் தனித்த தீர்ப்பாகக் கொள்ளும் வழக்கமே மாறவேண்டும். பட்டியில் அண்மையில் கருச்சிதைவு நேர்ந்ததா, நஞ்சுக்கொடியைக் கையாண்டவர் யார், பாலைக் காய்ச்சாமல் குடித்தவர் உண்டா என்னும் வினாக்களை நீடித்த காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் வைத்தியர் கேட்பதும், அவ்விடைகளைக் கால்நடை வைத்தியரோடு பகிர்வதும் செலவற்றவை. சோதனை தரும் எண்ணுக்குப் பொருள் தருபவையும் அவையே.