நோயாளியின் அருகே நின்ற எழுத்து

செவிலியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் ஆண்டு மலருக்காக மாணவியர் எழுதிய பன்னிரண்டு கட்டுரைகள் அண்மையில் என் கைக்கு வந்தன. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் மகள் அங்கே இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். "பிழையை மட்டும் திருத்திக் கொடுங்கள் ஹஜ்ரத், கருத்தை மாற்றிவிடாதீர்கள்" என்று சொல்லிக் கட்டைத் தந்தாள். அவள் சொற்படியே செய்தேன். ஆயினும் கருத்தைப் பற்றிச் சொல்லாதிருக்க மனம் இடந்தரவில்லை.

பதினோரு கட்டுரைகளிலும் தியாகம் இருந்தது, சேவை இருந்தது, வெள்ளுடையின் தூய்மை இருந்தது. நோயாளி மட்டும் இல்லை. ஒரு மாணவி ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரைப் பெருமையுடன் குறித்திருந்தாள். நன்று. ஆனால், ருஃபைதா அம்மையாரின் கூடாரத்தை வரலாறு நினைவு வைத்திருப்பதே, அகழ்ப் போரில் காயமுற்ற ஸஃது பின் முஆத் (ரலி) அவர்கள் அங்கே வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள் என்னும் செய்தியோடு சேர்த்தல்லவா? கட்டுரையில் கூடாரம் நின்றது. காயமுற்றவர் காணாமற் போய்விட்டார்.

செவிலியர் எழுத்தை எந்த அளவுகோலால் அளப்பது? விடையை இரு மொழிகளும் ஒரே சொல்லால் தருகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக 'உழைச்செல்வா'னை எண்ணுகின்றது. 'உழை' என்றால் பக்கம். பக்கத்திலிருந்து பணிபுரிபவன் என்பது பொருள். அரபு மொழியில் 'மரள்' என்பது நோய். அவ்வேரிலிருந்து 'அம்ரள' என்றால் நோயுறச் செய்தான். 'மர்ரள' என்றாலோ நோயுற்றவனுக்குத் துணைநின்று அவன் பொறுப்பை ஏற்றான் என்று இலக்கணவாணர் விளக்குவர். செவிலியரைக் குறிக்கும் 'முமர்ரிள்' என்னும் சொல் இதிலிருந்து பிறந்ததே. ஆகவே அருகில் நிற்றலே இத்தொழிலின் இலக்கணம். அத்தொழிலைக் கற்பவரின் எழுத்துக்கும் அதுவே இலக்கணமாதல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு, புகழ்பெற்ற இரு நூல்களை ஆராய்வோம். இரண்டும் பயிற்சி முதிராத பெண்கள் நோயாளியின் கட்டிலருகே நின்று பெற்ற அனுபவங்கள்.

முதலாவது, லூயிசா மே ஆல்காட் 1863-இல் வெளியிட்ட 'ஹாஸ்பிடல் ஸ்கெச்சஸ்'. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 டிசம்பரில், தம் முப்பதாம் வயதில் வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில் இருந்த படை மருத்துவமனை ஒன்றில் அவர் செவிலியாகச் சேர்ந்தார். நைட்டிங்கேல் முறையிலான செவிலியர் பள்ளிகள் அமெரிக்காவில் தோன்றியது 1873-இல்தான். எனவே அவருக்குக் கட்டிலே பள்ளி, காயமே பாடம். ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில் அடிபட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினர். சேறும் குருதியும் படிந்த அந்நிய ஆடவரைக் கழுவித் துடைக்குமாறு வந்த முதற்கட்டளை கேட்டுத் தாம் திகைத்து நின்றதை அவர் மறைக்கவில்லை. ஏறக்குறைய ஆறு வாரங்களே பணிபுரிந்தார். டைபாய்டு காய்ச்சல் பற்றவே, தந்தையார் வந்து இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களே பின்னர் நூலாயின.

அந்நூலின் உயிர்நிலை ஜான் என்னும் கொல்லனின் இறுதி நாள்கள். உடல் வலிமை மிக்க அம்மனிதன் முறையிடாமல் கிடந்தான். ஆகையால், அவனுக்குத் தம் உதவி அவ்வளவாகத் தேவையில்லை என்று ஆல்காட் எண்ணிவிட்டார். ஒருநாள், காயத்துக்கு மருந்திடும் வேளையில், அவன் கண்களிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டபோதுதான் தம் பிழை விளங்கிற்று. அவன் பிழைக்கமாட்டான் என்ற செய்தியை அவனிடம் சொல்லும் கடமையையும் மருத்துவர் அவரிடமே விட்டுவிட்டார். உயிர் பிரிகையில் அவன் பற்றியிருந்த பிடியின் தடம் அவர் கையில் வெண்மையாகப் பதிந்து நின்றது. இப்பகுதியில் 'என் தியாகம்' என்னும் தொனி எங்கேனும் உண்டா? இல்லை. தாம் கவனிக்கத் தவறியதை ஒப்புக்கொள்ளும் நேர்மைதான் உண்டு. அருகில் நிற்பதாக எண்ணிக்கொண்டே தொலைவில் நின்றுவிட முடியும் என்பதைப் படிப்பவர் உணர்கின்றனர்.

குறையும் உண்டு. நகைச்சுவைக்காகத் தம்மை விநோதப் பெயருடைய பாத்திரமாக்கிக் கொண்ட ஆசிரியை, சில இடங்களில் துயரத்தின் எதிரிலும் வேடிக்கை பேசுகின்றார். அடிமை முறையை எதிர்த்தவராயிருந்தும், கறுப்பின மக்களைப் பற்றி எழுதுகையில் மேலிருந்து பார்க்கும் கேலி தலைகாட்டுகின்றது. வெள்ளைப் போர்வீரனின் அருகில் நின்ற பேனா, அதே மனையில் உழைத்த கறுப்பர்களின் அருகில் நிற்கத் தவறிவிட்டது.

இரண்டாவது, வேரா பிரிட்டன் 1933-இல் வெளியிட்ட 'டெஸ்டமென்ட் ஆஃப் யூத்'. ஆக்ஸ்ஃபோர்டுப் படிப்பை நிறுத்திவிட்டு, 1915-இல் தொண்டர் செவிலியாகச் சேர்ந்தவர் இவர். வேலை பார்த்தே வேலை கற்றார். மணம் பேசி வைத்திருந்தவர் 1915 டிசம்பரிலும், அருமைத் தம்பி 1918 ஜூனிலும் போரில் மாண்டனர். நண்பர் இருவரையும் 1917 கொண்டுபோயிற்று. இத்தகைய இழப்பை எழுதுபவர் தம் துயரையே நடுவில் வைத்தல் இயல்பு. நோயாளிகள் பெரும்பாலும் பின்னணியில் நிற்கின்றனர். ஆயினும், பிரான்சில் எடாப்பிள் முகாமில், காயமுற்ற ஜெர்மானியக் கைதிகளின் பிரிவில் அவர் பணியாற்றிய பகுதி நூலையே உயர்த்துகின்றது. தம்பி எந்தப் படைக்கு எதிராகப் போரிட்டாரோ, அப்படையினரின் புண்ணைத் தமக்கை துடைக்கின்றார். பகைவன் என்னும் சொல் கட்டிலருகே பொருளிழக்கின்றது. பிற்காலத்தில் அவர் போரெதிர்ப்பாளரானதன் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கின்றது. அவருடைய போர்க்கால நாட்குறிப்பும் 1981-இல் அச்சேறியது. சிந்தனை முதிர ஆண்டுகள் பல பிடித்தன என்பதை அதையும் இந்நூலையும் ஒப்பிட்டு நோக்குவார் காணலாம்.

இன்றோ முதிர்வதற்குக் காலம் தரப்படுவதில்லை. பல நாடுகளின் செவிலியர் கல்வியில் அனுபவச் சிந்தனையை எழுதுவதும் பாடத்தின் பகுதி. 1988-இல் கிரகாம் கிப்ஸ் வகுத்த ஆறு படிகள் பலவிடங்களில் வழக்கில் உள்ளன. நிகழ்ந்ததைச் சொல்லுதல், உணர்ந்ததைச் சொல்லுதல், மதிப்பிடல், ஆராய்தல், முடிவு காணல், இனிச் செய்வதைத் திட்டமிடல் என்பன அவை. கற்பவருக்கு ஊன்றுகோலாக இது பயன்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் வினாக்கள் பெரும்பாலும் மாணவியை நோக்கியே வீசப்படுகின்றன. மதிப்பெண்ணும் சேர்ந்துகொண்டால், ஆசிரியர் விரும்பும் உணர்ச்சியை எழுதிக் கொடுக்கும் பழக்கம் வந்துவிடும். பொருளுணராமல் ஒப்புவிக்கும் பாடம் எத்தகையது என்பதை, முப்பதாண்டுகள் பாடம் கேட்டவன் என்ற முறையில் நான் அறிவேன். நோயாளி நம்பிச் சொன்னது ஓர் அமானிதம். அதை எழுதுவதாயின் அவர் அடையாளத்தை மறைத்து, அவர் மானத்தைக் காத்து எழுத வேண்டும். அவரையே மறைத்துவிட்டு நம்மைக் காட்டுதல் அமானிதம் காத்தலாகாது.

இனி, அந்தப் பன்னிரண்டாம் கட்டுரைக்கு வருகின்றேன். ஒன்றரைப் பக்கந்தான், எழுத்துப் பிழைகள் மிகுதியும் அதில்தான். படுக்கையிலிருந்து எழ இயலாத மூதாட்டி ஒருவர், தம் கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பும்படி நாள்தோறும் கேட்கின்றார். மாணவி இரண்டு நாள் தட்டிக் கழிக்கின்றாள். மூன்றாம் நாள் தலைமைச் செவிலியிடம் அனுமதி பெற்றுத் திருப்புகின்றாள். வெளியே ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு பூக்காரி, அவ்வளவுதான். மூதாட்டி அன்று கஞ்சி முழுவதையும் குடித்தார். "இதை ஏன் முதல் நாளே செய்யவில்லை?" என்று தன்னைக் கேட்டுக்கொண்டு மாணவி முடித்துவிடுகின்றாள்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியர் குறிப்பு நூலில் இதே செய்தி உண்டு. சன்னலுக்கு வெளியே பார்க்க முடியாத நோயாளியின் வேதனையையும், ஒரு கொத்து மலர் தரும் மகிழ்ச்சியையும் அவர் எடுத்துரைக்கின்றார். நிறமும் வடிவமும் உள்ளத்தை மட்டுமன்றி உடலையும் தொடுகின்றன என்பது அவர் கருத்து. அழகு நோயாளிக்கு ஆடம்பரம் அன்று, தேவை. கலைக்கும் செவிலியர் பணிக்கும் உள்ள உறவு இதைவிட வேறென்ன? அந்த மாணவி நைட்டிங்கேலின் பெயரைக்கூட எழுதவில்லை. நைட்டிங்கேல் கண்டதைக் கண்டிருக்கின்றாள்.

அக்கட்டுரையின் தலைப்பில் யாரோ சிவப்பு மையால் 'பொருள் போதாது' என்று குறித்திருந்தனர். பிழைகளைத் திருத்தினேன், ஒரு கருத்தையும் தொடவில்லை. சிவப்புக் குறிப்பின் கீழே, 'இதனை மலரின் முதற்கட்டுரையாக வெளியிடுதல் நலம்' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.