குணமாகாத நோயும் கூட்டு ஜெபமும்: ஏமி கார்மைக்கேலின் நோய்க்கால எழுத்து

முன்னுரை

கிறித்தவ நோய்நீக்கச் சாட்சிகள் பெரும்பாலும் நோய், ஜெபம், குணம், நன்றி என்னும் வரிசையில் அமைகின்றன. குணம் கிட்டாதவரின் அனுபவத்திற்கு அவ்வரிசையில் இடமில்லை. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் ஐக்கியத்தை நிறுவிய ஏமி கார்மைக்கேல் (1867–1951) 1933இல் வெளியிட்ட ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்னும் ஆங்கில நூல் அவ்விடத்தை உருவாக்க முயல்கிறது. அம்முயற்சியின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பொன்னம்மாளுக்கான ஜெபம்

கார்மைக்கேலின் நெருங்கிய உடனூழியர் பொன்னம்மாள் புற்றுநோயுற்றார். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் தணியவில்லை. யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பின்பற்றி ஐக்கியத்தார் அவர் படுக்கையைச் சூழ்ந்து ஜெபித்தனர். வெற்றியின் அடையாளமாகக் குருத்தோலை ஒன்றையும் அதன்மேல் வைத்தனர். ஆயினும் நலிவு மிகுந்து, 1915இல் அவர் மறைந்தார். இந்நிகழ்வைக் கார்மைக்கேல் மறைக்கவில்லை. விசுவாசக் குறைவே காரணம் என எவர்மீதும் பழி சுமத்தவுமில்லை.

இங்கு ஒரு சொல் கவனத்திற்குரியது. நிருபத்தின் அப்பகுதியில் ஆளப்படும் கிரேக்க வினை உடலை நலமாக்குதல், ஆன்மாவை மீட்டல் என்னும் இரு பொருளும் தருவது. பழைய தமிழ் விவிலியம் அதனை ‘இரட்சிக்கும்’ எனப் பெயர்த்துள்ளது. உடல்நலம் மறுக்கப்பட்டபோதும் ஜெபம் வீணாகவில்லை என்னும் டோனாவூரின் புரிதல் இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கிறது. மருத்துவத்தை அது விலக்கவுமில்லை. ஐக்கியம் பின்னர்த் தனக்கென மருத்துவமனை ஒன்றையும் அமைத்துக்கொண்டது.

நோயாளியின் குரல்

1931இல் தவறி விழுந்து காயமுற்ற கார்மைக்கேல் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார். நலமுள்ளோர் நோயாளிகளுக்கு எழுதிய ஆறுதல் உரைகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே நோயாளி நோயாளிக்கு எழுதும் மடல்களாகவே அவர் நூல் உருவாயிற்று. வலி தீர்ந்தபின் எழுதப்படும் சாட்சிக்கும் வலியின் நடுவே எழுதப்படும் மடலுக்கும் உள்ள வேறுபாடே இந்நூலின் வலிமையாகும்.

வரம்பும் இங்கேயே தொடங்குகிறது. பொன்னம்மாளின் தாய்மொழி தமிழ். அவர் துயரமோ கார்மைக்கேலின் ஆங்கிலத்தில் பதிவாகிறது. மேலும், கார்மைக்கேலை ஐக்கியத்தார் ‘அம்மா’ என்றே அழைத்தனர். குடும்பமாக வாழ்ந்த சமூகத்தில், கிடைத்த விடையை அனைவரும் ஏற்றதாக அம்மாவே எழுதும்போது, ஏற்க இயலாத மகள் எங்கே பேசுவாள்? ஐயமுற்றோர் இருந்திருப்பின் அவர்கள் குரலுக்கு இந்நடை வழிவிடவில்லை.

முடிவுரை

குணமாகாதவரைக் குற்றவாளியாக்காத ஜெப மொழியை உருவாக்கியது கார்மைக்கேலின் சாதனை. ஆயினும் அம்மொழி நோயாளியின் அமைதியையே மிகுதியும் பதிவுசெய்தது. அவருடைய முறையீட்டுக்கு அங்கு இடம் குறைவு. நோய்நீக்கச் சாட்சிகளை ஆராய்வோர் குணம் நிகழ்ந்ததா என்பதோடு நில்லாமல், அதை அறிவிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.