பெயர் கம்பெனிக்கு, முகம் யாருக்கு?

தமிழ் யூடியூப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைத்தான் எழுதுறாங்க. எனக்கு அதைவிட சுவாரசியமா படுற கேள்வி வேற. நல்லா ஓடுற ஒரு சேனல், 'இனி நாங்க ஒரு நெட்வொர்க்' என்று அறிவிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? பத்து வருஷமா தமிழில் இந்த முயற்சி திரும்பத் திரும்ப நடந்திருக்கு. பலதும் ஒரே இடத்தில் வந்து இடறுது.

முதலில் புட் சட்னி. 2013-ல் சமீர் பிட்டல்வாலாவும் வெங்கட் பிரசாத்தும் தொடங்கிய கல்ச்சர் மெஷின் நிறுவனத்தின் தென்னிந்தியக் கிளை அது. (இந்த வெங்கட் பிரசாத் வேற, நம்ம 'மங்காத்தா' இயக்குநர் வெங்கட் பிரபு வேற. தேடினால் குழம்பிப் போவீங்க.) ஒருவர் டிஸ்னி யுடிவியில் இருந்தவர், இன்னொருவர் கூகுளில் இருந்தவர். பீயிங் இந்தியன், பிளஷ், புட் சட்னி என்று பார்வையாளர்களைக் கூறு போட்டு, கூறுக்கு ஒரு சேனல் என்பது கணக்கு. பேட்மேன் சென்னைக்காரனா இருந்தா எப்படி இருக்கும் என்ற புட் சட்னி வீடியோவை அந்தக் காலத்தில் என் அலுவலகத்தில் பார்க்காதவர்களே கிடையாது. இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஆனா அந்தச் சேனலின் அடிப்படையிலேயே ஒரு கோளாறு. 'தென்னிந்தியா' என்பது விளம்பரக் கம்பெனியின் எக்செல் ஷீட்டில் இருக்கும் ஒரு வரிசை. அப்படி ஒரு ஊர் இல்லை, அப்படி ஒரு பேச்சும் இல்லை. ஆங்கிலம் கலந்து, ஐந்து மாநிலத்துக்கும் பொதுவாகப் பேசப் போனால், மிஞ்சுவது சாம்பார், ஃபில்டர் காபி, ரஜினி ஜோக். அந்தச் சேனலில் தமிழ் கூடக்கூட நகைச்சுவையும் கூர்மையானது. தலைமையகத்தின் வரைபடத்தில் இல்லாதது அதுதான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கோவை நக்கலைட்ஸ். எங்க மலையிலிருந்து இறங்கினால் கேட்கிற அதே கொங்குப் பேச்சு. முதலில் அரசியல் நக்கல், பிறகு வீட்டுக்குள் நுழைந்து அம்மா, அப்பா, சொந்தக்காரர். அவங்க வளர்ந்ததும் பக்கவாட்டில் பரவலை, ஆழமாகப் போனாங்க. அதே ஆட்கள், அதே ஊர், அதே இழுவை. 2025 ஜனவரியில் வந்த 'குடும்பஸ்தன்' படம் ராஜேஷ்வர் காளிசாமி இயக்கியது, பிரசன்னா பாலச்சந்திரனோடு சேர்ந்து எழுதியது. திரைக்கு மணிகண்டன் வந்தார், ஆனா வசனம் யூடியூபில் பழகின அதே வீட்டு வசனம். சின்னக் கடன், பெரிய கௌரவம். இதையும் 'விரிவாக்கம்' என்றுதான் சொல்லணும். என்னைப் பொறுத்தவரை தமிழில் நடந்த விரிவாக்கங்களில் உருப்படியானது இது.

நடுவில் இருப்பவை மெட்ராஸ் சென்ட்ரலும் ஸ்மைல் சேட்டையும். மெட்ராஸ் சென்ட்ரலில் கோபியும் சுதாகரும் செய்த 'பரிதாபங்கள்' தொடரைப் பார்த்தவங்க, அவங்க விலகித் தனிச் சேனல் தொடங்கியதும் பின்னாலேயே போயிட்டாங்க. ஸ்மைல் சேட்டையிலிருந்து ஆர்ஜே விக்னேஷ்காந்த் குழு வெளியேறி பிளாக் ஷீப் ஆனபோதும் அதேதான். யார் சரி, யார் தப்பு என்பது என் பேச்சு இல்லை. ஒரு மென்பொருள்காரன் பார்வையில் சொல்றேன். சப்ஸ்கிரைப் பட்டன் இருப்பது சேனல் பெயருக்குக் கீழே. பார்வையாளர் அதை அழுத்துவது ஒரு முகத்துக்காக. டேட்டாபேஸில் பதிவாவது ஒன்று, மனசில் பதிவாவது வேறொன்று. முகம் கிளம்பும் நாள் வரை இந்த பக் வெளியே தெரியாது.

பிளாக் ஷீப் இதில் கடைசி வரை போய்ப் பார்த்த குழு. பல கிளைச் சேனல்கள், தனக்கென்று ஒரு ஆப், சாட்டிலைட் டிவி வரைக்கும். தைரியத்தை மதிக்கிறேன். ஆனா ரசிகனாக ஒரு குறை உண்டு. ஆரம்பத்தில் கல்லூரி விடுதி அறையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்த பேச்சு, கிளை கூடக்கூட மேடைத் தொகுப்பாளர் பேச்சாக மாறிப்போச்சு. ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் இருக்கணும்னா யாரா இருந்தாலும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

'சன் டிவி மட்டும் எப்படி நெட்வொர்க் ஆச்சு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலாநிதி மாறன் தொடங்கியதும் சின்னதாகத்தான். 1990-ல் 'பூமாலை' என்று வீடியோ கேசட்டில் வந்த மாதப் பத்திரிகை. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி. அடுத்தடுத்து உதயா, ஜெமினி, சூர்யா. 2001-ல் கேடிவி. அரசியல் குடும்பப் பின்னணியை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது, சரி. ஆனா கேடிவியைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அதில் முகமே இல்லை. இருப்பது படங்களின் உரிமை. ஒருமுறை வாங்கிய படத்தை ஞாயிறு மதியம் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், ஹீரோ கோபித்துக்கொண்டு போக மாட்டார். நெட்வொர்க்கைத் தாங்குவது கிடங்கு. யூடியூப் நகைச்சுவைக்கு அந்தக் கிடங்கு கிடையாது. போன வருஷ அரசியல் நக்கலை இந்த வருஷம் யார் பார்ப்பாங்க?

அமெரிக்காவிலும் இதே கதைதான், பணம் மட்டும் பெரிசு. மேக்கர் ஸ்டுடியோஸை 2014-ல் டிஸ்னி 50 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, இலக்கை எட்டினால் மேற்கொண்டு தருவதாக ஒப்பந்தம். பல்லாயிரக்கணக்கான சேனல்கள் அதன் குடைக்கீழ். 2017-ல் அதை ஏறக்குறைய 300 ஆகச் சுருக்கினாங்க. மஷினிமா இன்னும் மோசம். 2019 ஜனவரியில் ஒருநாள், பல வருஷமாகச் சேர்ந்த வீடியோக்கள் எல்லாம் பிரைவேட் ஆகிவிட்டன. செய்தவர்களுக்கே பார்க்கக் கிடைக்கலை.

இதையெல்லாம் தேட எனக்கு ஒரு காரணம் இருக்கு. அருவங்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வெலிங்டனில் மாதச் சம்பள வேலை, விடுமுறை நாளில் மலை ரயிலைப் படம்பிடிப்பான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி இன்ஜின் மூச்சு வாங்கும் சத்தத்தை இசை எதுவும் போடாமல் அப்படியே விடுவான். அதுக்காகவே பார்க்கிறவங்க இருக்காங்க. ஒரு ஏஜென்சி அவனிடம், 'ரயில், மலைச் சமையல், ட்ரெக்கிங் என்று மூணு சேனல் தொடங்குங்க, நாங்க நெட்வொர்க் ஆக்கித் தர்றோம், வருமானத்தில் 30 சதவீதம் எங்களுக்கு' என்கிறது. வேலையை விடலாமா என்று யோசிக்கிறான். "அண்ணா, கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றான்.

போட்டேன். நீள வீடியோவில் விளம்பரக் காசு நூறு ரூபாய் வந்தால் யூடியூப் 45 எடுத்துக்கொள்ளும். மீதி 55-ல் 30 சதவீதம் ஏஜென்சிக்கு, அதாவது பதினாறரை. கையில் 38 ரூபாய் 50 காசு. அதில்தான் புதுசாச் சேர்க்கிற எடிட்டர், கேமரா ஆள், பெட்ரோல். அதோடு, விளம்பரப் பங்கு கிடைக்க ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக 1,000 சப்ஸ்கிரைபரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் காட்டணும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த மணிக் கணக்கில் சேராது. ஒருவர் சராசரி நாலு நிமிஷம் பார்த்தால், 4,000 மணிக்கு 60,000 பார்வை. ரயில் சேனல் அதைத் தாண்டியாச்சு. சமையலும் ட்ரெக்கிங்கும் பூஜ்யத்திலிருந்து. இன்ஜின் சத்தம் கேட்க வந்தவர் அவரைக்காய் குழம்பு பார்க்க வருவார் என்று அல்காரிதம் நம்பாது, நானும் நம்பலை.

ஒருகாலத்தில் இப்படிப்பட்ட இடைத்தரகருக்கு உண்மையான வேலை இருந்தது. விளம்பர வருமானத்துக்கு அவர்கள் வழியாகப் போவதே பலருக்கு எளிது. யூடியூப் நேரடியாகக் கதவைத் திறந்த பிறகு, மிச்சம் இருப்பது ஸ்பான்சர் பிடித்துக் கொடுப்பதும் காப்பிரைட் சண்டையில் உதவுவதும். அது மதிப்புள்ள வேலைதான், மறுக்கலை. பிடித்துக் கொடுத்த ஸ்பான்சருக்குக் கமிஷன் வாங்கட்டும். ஆனா இன்ஜின் சத்தத்துக்குமா 30 சதவீதம்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலை அவனுக்குக் காட்டினேன். 2018-ல் ஆரம்பித்து 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். ராகுல் காந்தி வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டார், 'விக்ரம்' படத்தில் வந்தாங்க. அப்புறமும் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கிறாங்க. "அவங்க அளவு வேற அண்ணா" என்றான். உண்மைதான். அவன் அளவுக்கு வேலையை விடுவது பெரிய விஷயம், அவங்க உதாரணம் அதற்குப் பதில் ஆகாது.

கடைசியில் வேலையை விடாமல், ரயில் சேனலை மட்டும் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் தரலாம் என்று முடிவு செய்திருக்கான். ஒப்பந்த நகலில் ரெண்டு வரி சேர்க்கச் சொன்னேன். ஒன்று, சேனலின் பெயரும் கூகுள் கணக்கின் உரிமையும் அவனிடமே இருக்கும். ரெண்டு, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் எந்த வீடியோவையும் அவர்களால் தொட முடியாது. முதல் வரிக்கு ஏஜென்சி சரி சொல்லிடுச்சு. ரெண்டாவதுக்கு 'லீகல் டீமைக் கேட்டுச் சொல்றோம்' என்று மெயில் வந்திருக்கு.