தேவதைக் கதையில் தேவதை யார்? யே ஷியன் கதையின் விடுபட்ட முடிவு

'ஃபேரி டேல்' என்பதற்குத் தமிழில் 'தேவதைக் கதை' என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் அம்மன் கோயில்களைக் கடந்து வகுப்பறைக்கு வரும் மாணவர்க்கு அச்சொல் இரு பொருள் தரும். ஒன்று சிறகும் மந்திரக்கோலும் உடைய ஐரோப்பியப் பெண். மற்றொன்று எல்லையில் அமர்ந்து படையல் ஏற்கும் கிராம தேவதை. சீனக் கதைகளை வாசிக்கையில் முதற்பொருளையே கொள்கிறோம். பயன் தருவதோ இரண்டாம் பொருள் என்பதற்கு யே ஷியன் கதை தக்க சான்று.

தாங் அரச காலத்து அறிஞர் துவான் செங்-ஷி (இறப்பு 863) தம் 'யூயாங் ட்சாட்சூ' என்னும் தொகைநூலில் இக்கதையைப் பதிவு செய்தார். பிரெஞ்சு மொழியில் பெரோ சிண்ட்ரெல்லாவை வெளியிட்டது 1697இல். இப்பதிவு அதற்கு எட்டு நூற்றாண்டுகள் முந்தியது. ஆர்தர் வேலி 1947இல் இதனை ஆங்கில வாசகர்க்கு விரிவாக அறிமுகப்படுத்தினார். கதைவகை அடைவில் இதன் இடம் 510ஏ. ஒப்பாய்வுகள் பெரும்பாலும் இந்த எண்ணைச் சுட்டிய அளவில் நின்றுவிடுகின்றன.

தாயை இழந்த யே ஷியன் சிறு மீன் ஒன்றை வளர்க்கிறாள். சிற்றன்னை அவளுடைய ஆடையை அணிந்து மீனை ஏமாற்றிக் கொன்று தின்று, எலும்பைக் குப்பையடியில் மறைக்கிறாள். எலும்பு இருக்குமிடத்தை வானிலிருந்து இறங்கி வந்து சொல்பவன் தலைவிரிகோலமாய் முரட்டுத்துணி உடுத்த ஓர் ஆண். வரம் தருவதோ எலும்பு. திருவிழாவில் தவறவிட்ட பொற்காலணி தீவு நாட்டு அரசன் ஒருவனின் கைக்குச் சேர, அவன் தேடிவந்து அவளை மணக்கிறான். சிற்றன்னையும் அவள் மகளும் பறக்கும் கற்களால் அடியுண்டு மாள்கின்றனர்.

1982இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'யே-ஷென்' என்னும் ஆங்கிலச் சிறுவர் நூல் இவ்விடத்தோடு முடிகிறது. மூலம் முடியவில்லை. இறந்த இருவருக்காகவும் குகைவாழ் மக்கள் இரங்குகின்றனர். கற்குழியில் புதைத்து அதற்கு 'வருந்திய மகளிர் கல்லறை' எனப் பெயரிடுகின்றனர். பின்னர் அங்கே மணப்பேறு வேண்டிப் பலியிடுகின்றனர். வேண்டுதல் தவறாமல் பலிக்கிறது. அரசனோ பேராசையால் எலும்பிடம் ஓராண்டு முழுதும் மணிகள் கேட்டுக் குவிக்கிறான். மறு ஆண்டு எலும்பு வாய் திறக்கவில்லை. இறுதியில் கடல் அலை அதனைக் கொண்டுபோகிறது.

சிறுவர் நூல்கள் நீக்கும் இப்பகுதியே தமிழ் ஆய்வாளருக்கு மிக நெருக்கமானது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனும், கொள்ளையரோடு பொருது மாண்ட முத்துப்பட்டனும் இங்கே தெய்வமானவர்கள். தெய்வமாகும் தகுதியைத் தருவது நல்லொழுக்கம் அன்று, கொடுஞ்சாவே. யே ஷியன் கதையிலும் வழிபாடு பெறுவோர் கொடுமைக்கு ஆளானவள் அல்லள், கொடுமை செய்த இருவரே. நம் சொல்வழக்கின்படி இக்கதையின் தேவதைகள் அவர்கள்தாம். வேறுபாடும் உண்டு. தமிழ்க் கதைப்பாடல்களில் மாண்டவர் பக்கமே நின்று பாடகர் பாடுவார். சீனப் பதிவில் அந்த இருவர்க்கெனக் குரல் இல்லை, ஊராரின் இரக்கம் மட்டுமே உண்டு.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன் 'தமிழர் கொண்டுசென்ற மரபு' என எழுதும் ஆர்வம் எழும். அத்தகைய கூற்றுகளுக்கெல்லாம் 1281ஆம் ஆண்டின் சுவான்சௌ தமிழ்க் கல்வெட்டைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. அக்கல்வெட்டு வணிகரும் சிவன் கோயிலும் இருந்தமையைக் காட்டும். கதை பயணம் செய்ததைக் காட்டாது. அன்றியும் அது துவானுக்கு நான்கு நூற்றாண்டுகள் பிந்தியது.

'சீனக் கதை' என்னும் அடைமொழியையும் சற்றே தயங்கித்தான் ஏற்க வேண்டும். இதனைத் தமக்குச் சொன்னவர் தம் வீட்டின் பழைய பணியாளர் லி ஷியுவான் என்றும், அவர் யோங்சௌ பகுதிக் குகைவாழ் மக்களைச் சேர்ந்தவர் என்றும், தென்னாட்டு வியப்புகள் பலவற்றை நினைவில் வைத்திருந்தவர் என்றும் துவான் குறித்துள்ளார். இன்று அது குவாங்ஷியின் நான்னிங் வட்டாரம். ஷுவாங் இன மக்கள் மிகுதியாக வாழும் நிலம். கதைசொல்லியின் பெயர், ஊர், அவருக்கும் தமக்குமுள்ள உறவு ஆகிய மூன்றையும் ஒன்பதாம் நூற்றாண்டு அதிகாரி ஒருவர் எழுதிவைத்தார். கதைசொல்லியின் பெயரின்றி அச்சேறிய தமிழ்நாட்டுக் கதைத் தொகுப்புகள் இருபதாம் நூற்றாண்டிலும் உண்டு.